ராசிபுரத்தைச் சுற்றி நான் போட்ட வட்டம்

பதினோரு பேர் படியேறி வந்தார்கள். கைகளில் தட்டுகள். வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை, மல்லிகைப் பூ, ஒரு பட்டுச் சேலை. சேலம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் திருமணத் தகவல் மையத்துக்கு அப்படி யாரும் வந்ததே இல்லை. வருகிறவர்கள் ஜாதக நகலோடு வருவார்கள், போட்டோவோடு வருவார்கள். இவர்கள் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்கள். அப்படி ஒரு மணப்பெண் எங்கேயும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளை உண்டாக்கியவனே நான்தான்.

இணைய விளம்பரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் எழுத உட்கார்ந்தது இதைச் சொல்லத்தான். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது, எந்த நேரத்தில் காட்டுவது, எதை நிறுத்தி எதை ஓட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு விளம்பரம் போடும் அந்தத் திரையில் பாதிப் பொத்தான்கள் இடம் மாறிவிட்டன என்று சொல்கிறார்கள். அப்படியும் இன்னும் அங்கே இருக்கக்கூடிய ஒரு பொத்தானைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் பல வருடங்கள் வரி விளம்பரம் பார்த்தேன். அங்கே எனக்கு மேலே ஒரு மேலாளர் இருந்தார். 'மணமகள் தேவை' என்று எந்த விளம்பரம் வந்தாலும், அச்சுக்குப் போவதற்கு முன் அதிலிருக்கும் எண்ணுக்கு அவரே ஒரு தடவை கூப்பிடுவார். "ஏனுங்க, மாப்பிள்ளை இருக்காருங்களா? அவருகிட்டக் கொஞ்சம் குடுங்க" என்பார். மாப்பிள்ளை வந்து 'ஹலோ' என்றால் போதும், வைத்துவிடுவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும். "சம்பளத்தைக் கூட்டிச் சொல்லுவான், வயசைக் கொறைச்சுச் சொல்லுவான், அதெல்லாம் நம்மால புடிக்க முடியாது. ஆனா ஆளு இருக்கணும். அதைக்கூடப் பாக்காம எப்படிய்யா அச்சுல போடறது?" என்பார். வேலையில்லாத மனிதர் என்று நினைத்தேன்.

நாளிதழில் வரி விளம்பரம் மெலிந்துபோனபோது, ஐம்பதைத் தாண்டிய வயதில், அந்தத் தகவல் மையத்தில் இணைய விளம்பரப் பொறுப்புக்கு வந்தேன். புதிது புதிதாக ஆட்களைப் பதிவு செய்ய வைப்பதுதான் என் வேலை. ஆறு பெண்கள் போனில் பேசுவார்கள். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாராவது பெயரும் எண்ணும் கொடுத்தால், அதைத்தான் லீட் என்கிறோம், இவர்கள் கூப்பிட்டுப் பேசிப் பதிவு செய்ய வைப்பார்கள். ஒரு கட்டத்தில் லீட் வறண்டுபோனது. இந்த மாதத்தோடு இணையப் பிரிவை மூடிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆறு பெண்களும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் கணக்குகளை உற்றுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். எங்கள் விளம்பரத்தைத் தொடுகிறவர்களில் பெரும்பாலோர் மாப்பிள்ளைகள் கிடையாது. மாப்பிள்ளைகளின் அம்மாக்கள். நம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். தோட்டம் வைத்திருக்கும் பையன்களுக்குப் பெண் கிடைப்பதில்லை. முப்பத்தைந்தைத் தாண்டிய மகன் காலையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் தாய்மார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு, வேலை ஓய்ந்த நேரத்தில், அவர்கள் கையில் போன் இருக்கிறது. அவர்களுக்கு ஜாதகமும் படிப்பும் எழுதிக் காட்டினால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெண்ணின் முகம் வந்தால் நிற்கிறார்கள்.

நான் ஒரு வரி எழுதினேன். 'தோட்டம் பார்க்கும் மாப்பிள்ளை என்றால் எனக்குச் சம்மதம்.' அவ்வளவுதான். ஒரு பெண்ணே சொல்வதுபோல் அமைந்த வரி. அதைச் சொல்ல ஒரு முகம் தேவைப்பட்டது. விலைக்குக் கிடைக்கும் படங்களில் இருந்த முகங்கள் எல்லாம் வடநாட்டு முகங்களாக இருந்தன. நம் ஊர் அம்மாக்கள் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போனில் பேசும் பெண்களில் கோமதி என்று ஒருவர் இருந்தார். ராசிபுரத்தில் நெசவு செய்யும் குடும்பம். கல்யாணமாகி மூன்று வருடம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். சிரித்தால் பார்க்கிறவர்களுக்கும் சிரிப்பு வரும், அப்படி ஒரு முகம். அவரிடம் கேட்டேன்.

"வேண்டாங்க சார். எங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஊருல நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க" என்றார்.

ஊரில் யாரும் பார்க்காதபடி செய்துவிடலாம் என்றேன். திரையில் வரைபடத்தை விரித்து, ராசிபுரத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். இந்த வட்டத்துக்குள் இருக்கும் யாருடைய போனிலும் இந்த விளம்பரம் வராது என்று விளக்கினேன். கோமதி அந்த வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் வேலை வேண்டும். மாதக் கடைசியில் பிரிவை மூடுகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். சரி என்றார்.

நான் சொன்ன பொத்தான் இதுதான். குறிப்பிட்ட ஊர்க்காரர்களுக்கு மட்டும் விளம்பரம் தெரியாமல் மறைக்கிற பொத்தான்.

படம் எடுத்த அன்று பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார். வெளிச்சம், பூ, எல்லாம் சரியாக இருந்தது. தாலிக்கொடி மட்டும் கழுத்தில் தெரிந்தது. உள்ளே விட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டோ எடுக்க வந்தவர் சொன்னார் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னவன் நான்தான். கோமதி ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று அதை உள்ளே விட்டுக்கொண்டார்.

விளம்பரம் ஓடிய ஓட்டத்தைச் சொன்னால் இன்றைக்கு உங்களுக்குப் பொறாமையாக இருக்கும். முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். பிரிவை மூடுகிற பேச்சே இல்லை. போன் ஓயாமல் அடித்தது. பாதிப் பேர் அந்தப் பெண்ணையே கேட்டார்கள். அதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தேன். 'முதல்ல பதிவு பண்ணுங்கம்மா, இதே மாதிரி நெறையப் பொண்ணுங்க இருக்காங்க.' அந்தப் பதிலைக் கோமதியும் சொன்னார். தன்னைப் பெண் கேட்டவர்களிடம் தானே.

"சார், இன்னிக்கு மட்டும் ஏழு மாமியாருங்க. இருக்கற ஒரு மாமியாரையே என்னால சமாளிக்க முடியல" என்று ஒரு நாள் சொன்னார். ஆபீஸே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

கூப்பிட்டவர்களில் ஒருவர் பாவாயம்மாள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வீடு. நான் போட்ட வட்டத்தின் கோட்டுக்குச் சற்று வெளியே அந்த ஊர் வருகிறது. ஒரே மகன், சக்திவேல், முப்பத்தெட்டு வயது. பதிவு செய்யச் சொன்னோம், செய்தார். வேறு பெண்களின் விவரம் அனுப்பினோம், எதையும் பார்க்கவில்லை. மறுபடி மறுபடி கோமதியிடமே, படத்தில் இருப்பது அவர்தான் என்று தெரியாமல், "அந்தப் புள்ளையோட அப்பா நம்பரு குடு சாமி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கோமதி போனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"சார், அந்தப் புதுச்சத்திரத்து அம்மா பூவாக்குக் கேட்டுட்டாங்களாம். வெள்ளைப் பூ வந்துருச்சாம். இனி நான் என்னங்க சார் சொல்றது?"

வேறு பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் போன்ற பெரிய காரியத்துக்கு முன் கோயிலில் பூவாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வைத்துத் தெரியாதபடி மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி சம்மதம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. பாவாயம்மாள் தன் போனில் வந்த விளம்பரத்தை யாரையோ பிடித்துப் படமாக எடுக்கச் சொல்லி, நாமக்கல்லில் ஸ்டுடியோவில் கொடுத்து அட்டைபோலப் போட்டு வாங்கி, அதை அம்மன் காலடியில் வைத்துப் பூவாக்குக் கேட்டிருந்தார்.

நான் கோமதியிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அது அவங்க நம்பிக்கைம்மா. வேற நாலு வரன் அனுப்பி விடுங்க." சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு வந்த லீட் எண்ணிக்கை அதில் ஏறிக்கொண்டிருந்தது.

இதைவிட மோசமான ஒன்று அதே வாரத்தில் எங்கள் பதிவேட்டில் நடந்தது. வாழப்பாடியில் அப்பாவோடு விதைக்கடை நடத்திவந்த மேகலா என்ற பெண் எங்களிடம் பதிவு செய்திருந்தார். முப்பத்துநான்கு வயது. நான் கற்பனையில் எழுதிய வரியை இந்தப் பெண் தன் படிவத்தில் நிஜமாகவே எழுதியிருந்தார். தோட்டத்து வேலை தனக்குப் பழக்கம்தான், மாப்பிள்ளை விவசாயியாக இருப்பதில் தனக்கு ஒரு தடையும் இல்லை என்று. சக்திவேலின் விவரத்தைப் பார்த்து, பிடித்திருப்பதாக அவருடைய அப்பா கூப்பிட்டுச் சொன்னார். நாங்கள் பாவாயம்மாளுக்குத் தகவல் சொன்னோம். "எங்களுக்குப் பொண்ணு அமைஞ்சுருச்சுங்க" என்று அவர் வைத்துவிட்டார். எங்கள் பெண்களில் ஒருவர் பதிவேட்டில் 'விருப்பமில்லை' என்று குறித்தார். நான் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

பிறகுதான் அந்தப் பதினோரு பேர் வந்தார்கள்.

முன்கூட்டியே சொல்லவில்லை. பெண்ணின் அப்பா எண்ணை நாங்கள் கொடுக்க மாட்டோம் என்று ஆனபிறகு, ஆபீசுக்கே போய் உறுதி செய்துகொண்டு வந்துவிடலாம் என்று பாவாயம்மாள் முடிவு செய்திருக்கிறார். முற்பகல் நேரம். வேன் வைத்து வந்திருந்தார்கள். படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறிய ஒரு பெரியவர், "லிப்ட் இல்லாத எடத்துல பொண்ணு எடுத்தா சீர்த்தட்டுத் தூக்கவே ஆளு போடோணும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே கேட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். முன்னால் வந்த அம்மாள் நெஞ்சோடு ஒரு அட்டையை அணைத்துப் பிடித்திருந்தார். அட்டையில் கோமதியின் முகம்.

முப்பது வருடத்துக்கு மேல் விளம்பரத்தில் இருந்தவன் நான். நான் எழுதியதை நம்பிய ஒரு ஆளை அதுவரை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

கோமதி வாசலுக்கு அருகில் தன் மேஜையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போய்விடும்படி கையைக் காட்டினேன். அவர் எழுந்து உள்ளறைக்குப் போக ஒரே வழி, வாசலை ஒட்டிய நடைதான். கூட்டத்தில் பாதிப் பேர் நுழைந்துவிட்டார்கள். பாவாயம்மாளும் உள்ளே வந்தவர்களும் என்னைப் பார்த்து நேராக வந்துவிட்டதால் கோமதியைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றவர் சக்திவேல். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒன்றும் இல்லை. கோமதி அவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவர் தலையைக் குனிந்து ஒதுங்கி வழிவிட்டார். கூச்சப்படுகிற மனிதர் என்று நினைத்தேன். நல்ல வேளை, முகத்தைப் பார்க்கவில்லை என்றும் நினைத்தேன்.

பாவாயம்மாள் அட்டையை என் மேஜையில் வைத்தார். "ஏனுங்க சார், நாங்க எத்தனை தடவ போன்ல கேட்டாலும் உங்க புள்ளைங்க வெவரம் சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் நேருலயே வந்துட்டோம். சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க. இந்தப் புள்ளை ஊடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க, நாங்க போயிப் பேசிக்கறோம்" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அந்த அம்மாள் பொறுமையாக நின்றார். யாரும் சத்தம் போடவில்லை. 'அம்மா, இப்படி ஒரு மணப்பெண் இல்லை, இது விளம்பரத்துக்காக எடுத்த படம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அடுத்த அறையில் முதலாளி இருந்தார். பதினோரு பேர் இருந்தார்கள். போலீசுக்குப் போவார்கள், ஊர்முழுக்கத் தெரியும், மையத்தை இழுத்து மூடுவார்கள் என்று முதலில் நினைத்தேன். கோமதியின் பெயர் கெடும் என்று இரண்டாவதாக நினைத்தேன். பிற்பாடு எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லும்போது வரிசையை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். இங்கே மாற்றவில்லை.

"அம்மா, மன்னிக்கணும். அந்தப் பொண்ணுக்கு நேத்துத்தான் வேற எடத்துல உறுதி ஆச்சுங்க" என்றேன்.

வாய்க்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் எனக்கு அதிர்ச்சி.

பாவாயம்மாள் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையைத் திருப்பி, முகம் தெரியாதபடி மடியில் வைத்துக்கொண்டார். கூட வந்த பெரியவர்தான், "நேத்தா? ஒரு நாளு முன்னாடி வந்திருந்தா ஆயிருக்குமா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆயிருக்கும் என்று.

"சாமி பொய் சொல்லாதுங்க சார். அது குடுத்துருச்சு. வாங்கிக்கறதுக்கு எங்க பக்கம் என்னமோ கொறை. எம் பையன் நேரம்" என்றார் பாவாயம்மாள்.

தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. நல்ல காரியத்துக்கென்று கொண்டுவந்த பழம் பூவை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்றார் அந்த அம்மாள். சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, பழத்தையும் தேங்காயையும் பூவையும் வாசலுக்கு அருகில் இருந்த ஒரு மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அது கோமதியின் மேஜை.

கோமதி வெளியே வந்து அந்தத் தட்டுகளைப் பார்த்தார். தொடவில்லை. அந்த வாரத்தோடு வேலையை விட்டார். போகிற அன்று என்னிடம் வந்து, "சார், எம்பேரைக் காப்பாத்துனதா நெனச்சுக்காதீங்க. நானே வந்து அந்தம்மா கையப் புடிச்சுச் சொல்லிருப்பேன். நீங்க என்னைய உள்ள போகச் சொன்னீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். கோமதியின் படத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு முகத்தைப் போட்டேன். வரியை மாற்றவில்லை. அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மேகலாவின் அப்பா இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்டார். நான் நம்பிக்கையோடு பாவாயம்மாளைக் கூப்பிட்டேன். இந்த நிஜமான சம்மதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் என் பொய் நேராகிவிடும் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்ததையே வாங்கத் தெரியாதவ நான். மறுக்கா எந்த மொகத்தோட சாமிகிட்டப் போயி இன்னொருத்திக்குப் பூக்கேப்பேன்?" என்றார். அடுத்த தை மாதத்தில் மேகலாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. எங்கள் பதிவேட்டில் அதை வெற்றிக் கணக்கில் சேர்த்தோம்.

தம்பிகளே, தங்கைகளே, நான் அந்த வட்டத்தைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு விளம்பரத்தைத் தேவையில்லாதவர்களுக்குக் காட்டாமல் விடுவதற்காக அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். சேலத்துக் கடைக்குச் சென்னையில் எதற்கு விளம்பரம்? அதுவரைக்கும் சரி. நான் அதை வேறு விதத்தில் பயன்படுத்தினேன். பார்த்தால் பொய் என்று கண்டுபிடித்துவிடக் கூடியவர்கள் எல்லாரையும் வட்டத்துக்குள் போட்டு மூடினேன். வட்டத்தைப் போட்ட அந்த நிமிடத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. உண்மை தெரிந்த ஒரு ஆளின் கண்ணில் படக் கூடாது என்று உங்கள் விரல் எதையாவது தேடினால், கையை எடுத்துவிடுங்கள்.

ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு வேலை போய்விடும் என்ற பயம் இல்லை, முதலாளி இல்லை, என்னிடம் மிச்சமாக எந்தச் சாக்கும் இல்லை. அப்படியும் சில வருடங்கள் தள்ளிப்போட்டேன். போன வருடம் ஒரு நாள் காலையில் நாமக்கல் பஸ் ஏறிப் புதுச்சத்திரத்தில் இறங்கினேன்.

சக்திவேல் தோட்டத்தில் இருந்தார். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியைப் பிடுங்கி முடித்து, அடுத்த நடவுக்கான குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்க சார். வெயில்ல நடந்தா வந்தீங்க?" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றார். அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டியதைத்தான் நான் பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். மகனிடம் சொன்னேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க. அந்தப் பொண்ணுக்கு உறுதியும் ஆகலை, ஒண்ணும் ஆகலை. எங்க ஆபீஸ்ல போன் பேசினவங்க அவங்க. கல்யாணம் ஆனவங்க."

அவர் கட்டிக்கொண்டிருந்த முடிச்சைப் போட்டு முடித்தார்.

"தெரியுமுங்க சார்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"வாசல்ல என்னையத் தாண்டித்தான அந்தம்மா உள்ள போனாங்க. காலப் பாத்தேன். மெட்டி போட்டிருந்தாங்க. நிமுந்து பாத்தா அதே மொகம். அதுக்கப்பறம்தான் நீங்க எங்கம்மாகிட்டப் பேசுனீங்க. கேட்டுக்கிட்டுத்தான் நின்னேனுங்க."

அவர் அன்றைக்குத் தலையைக் குனிந்தது என் கண்ணுக்கு முன்னால் மறுபடி வந்தது.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டிருந்தா எங்கம்மா என்னாயிருக்கும்? நீங்க சொன்னது பொய்யின்னா அந்தப் புள்ளை பொய்யி. அந்தப் புள்ளை பொய்யின்னா வெள்ளைப் பூவும் பொய்யின்னு ஆயிருமுங்க. எம்மேல கொறைன்னு நெனச்சா எங்கம்மா தாங்கிக்கும். சாமி மேல கொறைன்னா தாங்காது. அதான் எம்மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்." பிறகு சொன்னார், "அந்தப் படம் எங்கம்மா இருக்கற வரைக்கும் சாமி படத்துக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. அம்மா போனதும் எடுத்து எரிச்சுட்டேன். இன்னொருத்தரு சம்சாரம் படம் நம்ம ஊட்டுல இருக்கலாமுங்களா?"

இத்தனை வருடம் அவர் சுமந்ததைக் கேட்டபிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் குற்றம் செய்தவனுக்குத் தன் பாரத்தில் கொஞ்சத்தை இன்னொருவர் மேல் ஏற்றப் பார்க்கும் புத்தி கடைசிவரை போவதில்லை. "அப்ப அந்த வாழப்பாடிப் பொண்ணுக்காவது நீங்க சரின்னு சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

அவர் கை நின்றது.

"எந்த வாழப்பாடிப் பொண்ணுங்க?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் படிவத்தில் இருந்த எண் பாவாயம்மாளுடையது. நாங்கள் பேசியதெல்லாம் அவரிடம். 'விருப்பமில்லை' என்று சொன்னது அவர். ஆயிரக்கணக்கில் படிவங்கள் வாங்கினோம். ஒரு மாப்பிள்ளையிடமாவது போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசியதில்லை. அது எங்கள் வழக்கத்தில் இல்லை. நாளிதழில் நாங்கள் சிரித்த அந்த மேலாளர் ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்பார். மாப்பிள்ளை இருக்காருங்களா, அவருகிட்டக் கொஞ்சம் குடுங்க. அந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்டிருந்தால் சக்திவேலுக்குத் தெரிந்திருக்கும், தன்னைப் பிடித்திருக்கிறது என்று வாழப்பாடியில் ஒரு பெண் சொன்னது.

சொல்லாமல் எழுந்து வந்துவிடலாமா என்று அப்போதும் ஒரு நொடி யோசித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விதைக்கடை, படிவத்தில் அந்தப் பெண் எழுதியது, அவருடைய அப்பா இரண்டு தடவை கூப்பிட்டது, அம்மா மறுத்தது, தை மாதம் வேறு இடத்தில் ஆன கல்யாணம்.

அவர் கோபப்படவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் கேட்டார். சொன்னேன். "நல்லா இருக்காங்களா?" என்றார். தெரியாது என்றேன். மறுபடி குனிந்து குச்சிகளை அடுக்கினார். இரண்டு கட்டு கட்டி முடித்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கொஞ்சம் தேடி என்னிடம் நீட்டினார்.

"அம்மா போனுங்க இது. இப்ப நான் வெச்சிருக்கறேன். இன்னும் இது வந்துக்கிட்டேதான் இருக்குது."

புது முகம். பட்டுச் சேலை, தலையில் பூ, நம் ஊர்ச் சிரிப்பு. கீழே என் வரி, ஒரு எழுத்துக்கூட மாறாமல். 'தோட்டம் பார்க்கும் மாப்பிள்ளை என்றால் எனக்குச் சம்மதம்.' உற்றுப் பார்த்தேன். காதுத் தோடு இரண்டும் இரண்டு விதமாக இருந்தது. தாலியை உள்ளே விட்டுக்கொள்ளச் சொல்ல இப்போது யாரும் தேவையில்லை. வட்டமும் தேவையில்லை. அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் கிடையாது.

"இந்தப் புள்ளையாவது இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க. இது ஆளே இல்லை. கம்ப்யூட்டர் வரைஞ்ச மொகம்" என்றேன்.

சக்திவேல் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சாலைவரை என்னோடு நடந்து வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது கேட்டார்.

"ஆளே இல்லைன்னு சொல்றதுக்கு உங்களுக்கு இவ்ளோ நேரந்தானுங்களா ஆவுது, சார்?"